ஊசி போடும் நாளில் ஒரு கதைப் புத்தகம்

(மும்பை தாராவியில், புதிதாக எழுதப் படிக்கக் கற்ற தமிழ்ப் பெற்றோர்கள் கூட்டத்தில் குழந்தை மருத்துவர் ஒருவர் பேசியது)

 

என்னைப் பார்த்ததும் முன்வரிசையில் ஒரு குழந்தை அழுகிறது. அதற்கு என்னை நன்றாகத் தெரியும். போன மாதம்தான் ஊசி போட்டேன். பயப்படாதே கண்ணு! இன்று என் கையில் ஊசி இல்லை.

என் கையில் இருப்பது ஒரு புத்தகம். கெட்டி அட்டையில் செய்த சின்னப் புத்தகம். மொத்தம் எட்டுப் பக்கம்தான். ஓரத்தைப் பாருங்கள். கடித்துக் கடித்து நைந்து போயிருக்கிறது. இது எலி கடித்ததல்ல. ஒன்பது மாதக் குழந்தை ஒன்று கடித்தது. இப்படிக் கடிபட்ட புத்தகத்தைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நீங்கள் எல்லோரும் வேலைக்குப் போய்க்கொண்டே எழுத்துக் கற்றவர்கள். பகலில் உழைத்து, இரவில் உட்கார்ந்து அ, ஆ எழுதிப் பழகியவர்கள். உங்களோடு ஒரு செய்தியைப் பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன். நீங்கள் கற்ற அந்த எழுத்து, உங்கள் வீட்டுக் கைக்குழந்தைக்கு இன்றே பயன்படும். பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை காத்திருக்க வேண்டாம்.

நான் செய்த தவறு

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் நான் வேறோர் இடத்தில் வேலை பார்த்தேன். காலையிலிருந்து கூட்டம். ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம்கூடக் கிடைக்காது. எடை பார்ப்பேன். காய்ச்சல் உண்டா, வயிற்றுப்போக்கு உண்டா என்று கேட்பேன். ஊசி எழுதிக் கொடுப்பேன். அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவேன்.

ஒரு நாள் ஒரு தாய் ஒன்றரை வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பையன் நல்ல எடை. ஆனால் ஒரு சொல்கூடப் பேசவில்லை. "அம்மா" என்றுகூடச் சொல்லவில்லை. நான் அட்டையில் எழுதிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னேன்: "வீட்டில் புத்தகம் படித்துக் காட்டுங்கள்."

அந்தத் தாய் மெல்லச் சொன்னார்: "நான் படிக்காதவ, டாக்டரம்மா."

"அப்படியானால் படித்தவர்கள் யாரையாவது படிக்கச் சொல்லுங்கள்" என்றேன். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

அந்தத் தாய் தலையைக் குனிந்துகொண்டே போனார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. ஆறு மாதம் கழித்துக் கொடுக்க வேண்டிய வைட்டமின் ஏ மருந்துக்கும் வரவில்லை. ஊருக்குத் திரும்பிப் போயிருக்கலாம். வேறு மருத்துவரிடம் போயிருக்கலாம். ஆனால் என் பேச்சும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் அல்லவா? கூட்டத்துக்கு நடுவில் ஒரு தாயை நான் தலைகுனிய வைத்துவிட்டேன்.

நான் சொன்ன யோசனை நல்ல யோசனைதான். சொன்ன விதம் தவறு. "படிக்காதவர்களால் ஆகாது" என்று நான் நினைத்ததும் தவறு. படிக்கத் தெரியாத தாயும் பிள்ளைக்குப் புத்தகம் காட்டலாம். நாலு எழுத்துத் தெரிந்த தாய் இன்னும் நன்றாகக் காட்டலாம். இது எனக்கு அப்போது தெரியவில்லை. பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

காணாமல் போன புத்தகங்கள்

எங்கிருந்து கற்றுக்கொண்டேன்? தொலைவில் இருக்கும் ஒரு ஊரிலிருந்து. அமெரிக்காவில் பாஸ்டன் என்று ஒரு நகரம். அங்கே ஏழைகளும் வந்து வைத்தியம் பார்க்கும் பெரிய நகர மருத்துவமனை ஒன்று இருந்தது. அமெரிக்கா என்றால் எல்லோரும் பணக்காரர்கள் என்று நினைக்காதீர்கள். அங்கேயும் ஏழைகள் உண்டு. படிப்பு வராமல் பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகளும் உண்டு.

அந்த மருத்துவமனையில் பிள்ளைகள் காத்திருக்கும் இடத்தில் படப் புத்தகங்கள் போட்டு வைத்தார்கள். சில நாளில் புத்தகங்கள் காணாமல் போயின. பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வேறு இடமாக இருந்தால் என்ன செய்திருப்பார்கள்? அலமாரியைப் பூட்டியிருப்பார்கள். அந்த மருத்துவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். "பிள்ளைகளுக்குப் புத்தகம் மீது ஆசை இருக்கிறது. வீட்டில் புத்தகம் இல்லை. அப்படியானால் நாமே கொடுத்து அனுப்பலாமே!" என்று நினைத்தார்கள். 1989-ஆம் ஆண்டு, பாரி ஜுக்கர்மன், ராபர்ட் நீட்ல்மன் என்ற இரண்டு குழந்தை மருத்துவர்கள், சில ஆசிரியைகளோடு சேர்ந்து இந்த வேலையைத் தொடங்கினார்கள். அதற்கு "ரீச் அவுட் அண்ட் ரீட்" என்று பெயர். கையை நீட்டு, எடுத்துப் படி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

அவர்கள் செய்தது மூன்று வேலை.

ஒன்று: பிள்ளையைச் சோதிக்கும்போதே மருத்துவர் ஒரு புத்தகத்தை அதன் கையில் கொடுப்பார். பிள்ளை அதை எப்படிப் பிடிக்கிறது, எங்கே பார்க்கிறது என்று கவனிப்பார்.

இரண்டு: எப்படிப் படித்துக் காட்டுவது என்று தாய் தகப்பனுக்கு அங்கேயே செய்து காட்டுவார்.

மூன்று: அந்தப் புத்தகத்தைப் பிள்ளைக்கே கொடுத்து அனுப்புவார். காத்திருக்கும் இடத்திலும் தொண்டர்கள் உட்கார்ந்து கதை படிப்பார்கள்.

ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை, உடல்நலம் பார்க்க வரும்போதெல்லாம் இப்படி ஒரு புத்தகம். அந்தத் திட்டம் இன்று அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் நடக்கிறது.

இங்கிலாந்திலும் இதுபோல ஒன்று நடந்தது. 1992-ஆம் ஆண்டு பர்மிங்காம் நகரில் 300 குழந்தைகளுக்குப் புத்தகம் கொடுத்தார்கள். ஏழு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளின் உடல்நலம் பார்க்கும் செவிலியர்கள்தான் கொடுத்தார்கள். இத்தாலி நாட்டில் 1999-இல் குழந்தை மருத்துவர்களும் நூலகர்களும் கைகோத்து இதே வேலையைத் தொடங்கினார்கள்.

பலன் கிடைத்ததா?

"புத்தகம் கொடுத்தால் போதுமா? பலன் உண்டா?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

நியூயார்க் நகரில் ஏழைக் குடும்பங்கள் வந்துபோகும் இரண்டு மருத்துவ நிலையங்களை எடுத்துக்கொண்டு பார்த்தார்கள். ஒன்றில் இந்தத் திட்டம் மூன்று ஆண்டாக நடந்தது. மற்றதில் தொடங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மூன்று ஆண்டாகப் புத்தகம் வாங்கிய பிள்ளைகளுக்குக் கூடுதல் சொற்கள் புரிந்தன. கூடுதலாகப் பேசவும் வந்தது. 2001-ஆம் ஆண்டு இந்த முடிவு வெளிவந்தது.

2014-ஆம் ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் தன் மருத்துவர்களுக்கு ஒரு யோசனை சொன்னது. குழந்தை பிறந்ததிலிருந்தே படித்துக் காட்டும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள். இதுவும் உங்கள் வேலைதான் என்றது. 2024-இல் அதையே மறுபடியும் வலியுறுத்தியது.

நம் நாட்டுக்கு வருவோம். "அசர்" என்று ஒரு கணக்கெடுப்பு உண்டு. கிராமத்து வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். 2024-இல் அவர்கள் கண்டது என்ன? மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 100 பேரில் ஏறக்குறைய 27 பேர்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படித்தார்கள். மற்றவர்களால் முடியவில்லை.

இதைக் கேட்டு "பள்ளிக்கூடம் சரியில்லை" என்கிறோம். பள்ளிக்கூடத்தைக் கேட்க வேண்டியதுதான். ஆனால் பிள்ளை பள்ளிக்கு வரும் முன்பே ஆறு ஆண்டு ஓடிவிடுகிறது. அந்த ஆறு ஆண்டில் அது எத்தனை சொல் கேட்டது? எத்தனை கதை கேட்டது? ஒரு புத்தகத்தையாவது தொட்டுப் பார்த்ததா? இதையும் நாம் கேட்க வேண்டும்.

ஏன் ஊசி போடும் இடம்?

இரண்டு வயதுக் குழந்தை பள்ளிக்கூடம் போவதில்லை. நூலகம் போவதில்லை. அது தவறாமல் போகும் இடம் எது? தடுப்பூசி போடும் இடம்.

விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். பிறந்ததும் ஒரு முறை. ஒன்றரை மாதத்தில், இரண்டரை மாதத்தில், மூன்றரை மாதத்தில் ஒவ்வொரு முறை. ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை, ரூபெல்லா ஊசி. ஒன்றரை வயதை ஒட்டி அடுத்த ஊசியும் பூஸ்டரும். பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வைட்டமின் ஏ மருந்து, ஐந்து வயது வரை. ஐந்து ஆறு வயதில் மறுபடியும் ஒரு பூஸ்டர்.

இத்தனை முறை ஒரு பிள்ளையை மருத்துவரோ, செவிலியரோ பார்க்கிறார்கள். ஏழை, பணக்காரர், ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று வேறுபாடு இல்லை. அந்தச் சில நிமிடத்தில் எடை பார்ப்பதோடு பேச்சையும் பார்த்தால் என்ன? ஊசியோடு ஒரு கதையையும் கொடுத்தால் என்ன?

இது வெளிநாட்டுக்கு மட்டும் உரிய யோசனை என்று நினைக்க வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் தாய் சேய் அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் ஊசிக் கணக்கு மட்டும் இல்லை. எந்த மாதத்தில் பிள்ளை சிரிக்கும், எப்போது உட்காரும், எப்போது பேசும் என்றும் போட்டிருக்கிறது. பலர் அந்தப் பக்கத்தைத் திருப்புவதே இல்லை. மருத்துவர்களாகிய நாங்களும் பல நேரம் திருப்புவதில்லை. இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். நீங்கள் திருப்புங்கள். "டாக்டர், இந்தப் பக்கத்தையும் பாருங்கள்" என்று எங்களிடம் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

எந்த வயதில் என்ன செய்வது?

குழந்தையின் மூளை மிக வேகமாக வளரும். இரண்டு வயதுக்குள், பெரியவர்களின் மூளை அளவில் முக்கால் பங்குக்கு மேல் வளர்ந்துவிடும். அந்த வயதில் அதற்குப் பாலும் சோறும் தேவை. பேச்சும் தேவை.

ஆறு மாதக் குழந்தை: புத்தகத்தைப் பிடிக்கும், வாயில் வைக்கும். திட்டாதீர்கள். வாயால்தான் அது எதையும் தெரிந்துகொள்ளும். முதலில் சொன்னேனே, கடிபட்ட புத்தகம் எனக்குப் பிடிக்கும் என்று! அலமாரியில் புதிதாக இருக்கும் புத்தகம் பிள்ளையின் கைக்குப் போகவில்லை என்று அர்த்தம். கெட்டி அட்டையாக, சுத்தமாக இருந்தால் போதும்.

ஒன்பது மாதம் முதல் ஒரு வயது வரை: படத்தைத் தட்டும். "பூனை எங்கே? இதோ பூனை! மியாவ்" என்று சொல்லுங்கள். ஒரு நிமிடம் பார்க்கும். பிறகு நழுவிப் போகும். போகட்டும். நாளைக்குப் பார்க்கலாம்.

ஒன்றரை வயது: விரலால் காட்டும். தானே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வரும். அப்போது அடுப்பில் வேலை இருந்தாலும், "அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன், கண்ணு" என்று சொல்லி, இரண்டு பக்கமாவது காட்டுங்கள்.

இரண்டு வயது: ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கும். உங்களுக்குச் சலிக்கும். பிள்ளைக்குச் சலிக்காது. கடைசிச் சொல்லை நீங்கள் சொல்லாமல் நிறுத்துங்கள். அதுவே சொல்லும்.

மூன்று, நான்கு வயது: கேள்வி கேளுங்கள். "நாய் ஏன் ஓடுகிறது? அடுத்து என்ன ஆகும்?" என்று கேளுங்கள். அதன் பெயரை எழுதிக் காட்டுங்கள். "இது உன் பெயர்" என்று சொல்லுங்கள். அந்தப் பெயரை எழுதப் போவது உங்கள் கை. அதை நினைத்துப் பாருங்கள்.

"எனக்கு வேகமாகப் படிக்க வராதே!"

இந்தக் கூட்டத்துக்கு வரும் வழியில் ஒரு அம்மா என்னிடம் சொன்னார்: "டாக்டரம்மா, நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஒரு வரி படிக்கவே நேரமாகும். பிள்ளைக்கு எப்படிப் படித்துக் காட்டுவது?"

அம்மா, ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு எது வேண்டும்? மெதுவான பேச்சு வேண்டும். ஒரு பக்கத்தில் நாலு சொல் போதும். "மா - டு. மாடு. மாடு புல் தின்னும்." இப்படி நீங்கள் எழுத்துக் கூட்டிப் படிப்பது பிள்ளைக்குப் பாட்டுப் போல இருக்கும். பெரியவர்களுக்கு முன்னால் படிக்கக் கூச்சமாக இருக்கும். தப்பாகப் படித்தால் சிரிப்பார்களோ என்று பயமாக இருக்கும். பிள்ளை சிரிக்காது. மதிப்பெண் போடாது. உங்கள் மடியும் உங்கள் குரலும் அதற்குப் போதும்.

ஒரு சொல் தெரியவில்லையா? படத்தைப் பார்த்து நீங்களே ஒரு சொல் போடுங்கள். ஒரு பக்கம் கடினமா? அதை விட்டுவிட்டுப் படத்தைப் பற்றிப் பேசுங்கள். வீட்டில் எழுத்தே தெரியாத பாட்டி இருக்கிறாரா? அவர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தான் கேட்ட கதையைச் சொல்லட்டும். நான் அந்தத் தாயிடம் அன்று சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.

இன்னொன்றும் உண்டு. எழுத்துக் கற்றவர்களில் பலர், ஆறு மாதம், ஒரு வருடம் படிக்காமல் இருந்தால் கற்றதை மறந்துவிடுகிறார்கள். உங்களுக்கே தெரியும். பேருந்தின் பலகையைப் படித்தவர், மறுபடியும் பக்கத்தில் நிற்பவரைக் கேட்கத் தொடங்கிவிடுவார். தினமும் இரவு பிள்ளைக்கு நாலு வரி படித்தால் உங்கள் எழுத்தும் மறக்காது. பிள்ளையின் புத்தகத்தில் எழுத்துப் பெரிதாக இருக்கும். வரி சின்னதாக இருக்கும். உங்களுக்கும் அது ஏற்ற புத்தகம். ஒரே புத்தகத்தில் இரண்டு பேர் படிக்கலாம்.

நீங்கள் கேட்ட கேள்விகள்

உங்களில் சிலர் முன்பே கேள்விகளை எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் கையெழுத்தில் அவற்றைப் படிக்கும்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

"வீட்டில் தமிழ். தெருவில் இந்தி. அங்கன்வாடியில் மராத்தி. எந்த மொழியில் படிப்பது? பிள்ளை குழம்பிப் போகாதா?"

குழம்பாது. சின்னப் பிள்ளைகள் இரண்டு மூன்று மொழியைச் சேர்ந்தே கற்றுக்கொள்வார்கள். உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்சவும் கோபப்படவும் வருகிறதோ, அந்த மொழியில் படியுங்கள். தமிழில் கதை நன்றாகக் கேட்ட பிள்ளைக்கு, நாளைக்கு மராத்தியும் இங்கிலீஷும் கற்பது எளிதாகும்.

"செல்போனில் கதை வருகிறதே. அதைக் கொடுத்தால் போதாதா?"

போதாது. செல்போன் பேசும். ஆனால் பிள்ளை கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்லாது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஒன்று சொன்னது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம். நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றது. செல்போனை நீங்கள் பயன்படுத்துங்கள். "ஸ்டோரிவீவர்" என்ற இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நீங்கள் முதலில் படித்துக்கொள்ளுங்கள். பிறகு போனை வைத்துவிட்டு, பிள்ளைக்கு வாயால் சொல்லுங்கள்.

"புத்தகம் வாங்கப் பணத்துக்கு எங்கே போவது?"

நேஷனல் புக் டிரஸ்ட் என்று மத்திய அரசு நிறுவனம் ஒன்று இருக்கிறது. 1957-இல் தொடங்கியது. தமிழிலும் பிள்ளைகள் புத்தகத்தைக் குறைந்த விலையில் போடுகிறது. அதுவும் முடியவில்லை என்றால் நீங்களே செய்யுங்கள். நம் தாராவியில் அட்டைக்குப் பஞ்சமா? பழைய அட்டைப் பெட்டியை உள்ளங்கை அளவுக்கு வெட்டுங்கள். பழைய காலண்டரிலிருந்தும் சோப்பு உறையிலிருந்தும் படங்களை ஒட்டுங்கள். கீழே பெரிய எழுத்தில் ஒரு சொல் எழுதுங்கள். கெட்டி நூலால் தைத்துவிடுங்கள். வீட்டில் உள்ளவர்களின் போட்டோ இருந்தால் அதையும் ஒட்டுங்கள். "இது தாத்தா. இது அத்தை." ஊரில் இருக்கும் தாத்தாவைப் பிள்ளை மறக்காமல் இருக்கும். ஊக்குப் பின்னும் இரும்புக் கம்பியும் வேண்டாம். பிள்ளை விழுங்கிவிடும்.

"இது பெண்கள் வேலைதானே?"

கேட்டவர் ஒரு தகப்பனார். நேர்மையாகக் கேட்டிருக்கிறார். இல்லை அய்யா. அப்பா படித்துக் காட்டினாலும் பிள்ளைக்கு அதே நன்மைதான். இரவு வேலை முடிந்து வந்ததும் ஐந்து நிமிடம் உட்காருங்கள். பெண் குழந்தைக்கும் அதே ஐந்து நிமிடம் கொடுங்கள். ஆண் பிள்ளைக்கு ஒரு பங்கு, பெண் பிள்ளைக்கு அரைப் பங்கு என்று வேண்டாம்.

எப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும்?

இதைக் கவனமாகக் கேளுங்கள். புத்தகம் நல்லதுதான். ஆனால் எல்லாக் குறைக்கும் அதுவே மருந்தாகாது.

சத்தம் கேட்டால் பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லையா? ஒரு வயதாகியும் "பப்பா, மம்மா" என்று மழலை பேசவில்லையா? கையால் எதையும் காட்டவில்லையா? ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூட வரவில்லையா? இரண்டு வயதாகியும் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல் சேர்த்துச் சொல்லவில்லையா? முன்பு பேசிய பேச்சு நின்றுவிட்டதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். "அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்" என்று சொல்லித் தள்ளிப் போடாதீர்கள். முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பிள்ளைகளைச் சோதிக்க 2013 முதல் மத்திய அரசின் திட்டம் ஒன்று நடக்கிறது. வளர்ச்சி தாமதமானால், அதன் வழியாக மேல்சிகிச்சைக்கும் அனுப்புவார்கள்.

நான் முன்பு சொன்ன அந்தப் பையனை நினைத்துப் பாருங்கள். ஒன்றரை வயது. ஒரு சொல்லும் இல்லை. நான் அவன் காதைச் சோதிக்க அனுப்பியிருக்க வேண்டும். "இரண்டு மாதம் கழித்துக் கட்டாயம் கூட்டி வாருங்கள் அம்மா" என்று தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை. அவனுக்கு இப்போது வயது வளர்ந்திருக்கும். பேசுகிறானா, பள்ளிக்குப் போகிறானா, எனக்குத் தெரியாது. அதனால்தான் இப்போது ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கிறேன். "சாப்பிடுகிறானா?" என்று கேட்டதும், "பேசுகிறானா? யார் அவனோடு பேசுகிறீர்கள்?" என்றும் கேட்கிறேன்.

அடுத்த ஊசி நாள்

இங்கே ஊசி போடும் அறைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் கூடை வைத்திருக்கிறோம். அதில் கொஞ்சம் புத்தகங்கள் இருக்கின்றன. சில புதியவை. சில பழைய பேப்பர்க் கடையிலிருந்து பொறுக்கி எடுத்துத் துடைத்தவை. சில, உங்களைப் போன்ற தாய்மார்கள் அட்டையில் செய்தவை. ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறோம் அல்லவா? அந்த அரை மணி நேரம் சும்மா போக வேண்டாம். கூடையிலிருந்து ஒன்றை எடுங்கள். பிள்ளையை மடியில் வையுங்கள். அழுத பிள்ளை படம் பார்க்கும்.

போகும்போது வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள். அடுத்த முறை கொண்டு வந்து மாற்றிக்கொள்ளுங்கள். கிழிந்தால் ஒட்டலாம். கொண்டு வர மறந்தால் யாரும் திட்ட மாட்டார்கள். போன மாதம் கூடையில் நான்கு புத்தகம் குறைந்தது. செவிலியர் அம்மா கவலைப்பட்டார். நான் அவருக்குப் பாஸ்டன் கதையைச் சொன்னேன்.

உங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். முதலாவது, எந்த ஊசியையும் தவற விடாதீர்கள். இரண்டாவது, இன்று இரவு பிள்ளை தூங்கும் முன் ஐந்து நிமிடம் அதற்குப் படித்துக் காட்டுங்கள். புத்தகம் இல்லை என்றால் இன்று மட்டும் இந்தத் தாய் சேய் அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பிள்ளையின் பெயர் எழுதியிருக்கும். அந்தப் பெயரைக் காட்டி, விரல் வைத்து, சத்தமாகப் படியுங்கள்.



கலந்து பேசுவோம்

1. உங்கள் பிள்ளையின் தாய் சேய் அட்டையில் அடுத்த ஊசி எந்தத் தேதியில்? படித்துச் சொல்லுங்கள்.

2. அந்தத் தாய் ஏன் மறுபடியும் வரவில்லை என்று நினைக்கிறீர்கள்? மருத்துவர் என்ன சொல்லியிருக்கலாம்?

3. உங்கள் பாட்டி சொன்ன கதை ஒன்றை நான்கு வரியில் எழுதுங்கள். அதைப் பிள்ளைக்குப் படித்துக் காட்டுங்கள்.

4. நான்கு பேர் சேர்ந்து ஓர் அட்டைப் புத்தகம் செய்யுங்கள். யாருடைய பிள்ளைக்கு முதலில் கொடுப்பது என்று பேசி முடிவு செய்யுங்கள்.